மருந்துக்கு மசியாதது வைரஸ், நான் அல்ல

மூன்று நாட்களாக நண்பர்கள் பலரும் பகிர்ந்து வரும் அந்த மருத்துவரின் காணொளியை நான் மீண்டும் இங்கே இணைக்கப் போவதில்லை, பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர் பேசியதில் பெரும்பகுதி சரியானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எச்.ஐ.வி. மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற வைரஸ் உருவாகிறது என்பதும், அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் என்பதும் உண்மைதான். ஆனால், "ஒரு மாத்திரையை நேரத்துக்கு விழுங்கத் தெரியாதவர்களால் வந்த வினை இது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது அரங்கம் கைதட்டியதே, அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாண்டிச் செல்ல முடியவில்லை. பதினான்கு ஆண்டுகளாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப் பயன்படுத்தும் நொதிக்கு, எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் பழக்கம் கிடையாது. சிகிச்சை இல்லாத உடலில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான கோடி வைரஸ்கள் புதிதாக உருவாகின்றன என்னும்போது, அவற்றில் எழுத்துப்பிழை மலிந்திருப்பதில் வியப்பில்லை. ஏதோ ஒரு பிழை மருந்தின் பிடியிலிருந்து நழுவுவதாக அமைந்துவிடும். ஒன்றிடம் நழுவினாலும் மற்ற இரண்டிடம் அகப்பட வேண்டும் என்பதற்காகத்தான் மருந்துகளைக் கூட்டாகத் தருகிறார்கள். மருந்து உடலில் அரைகுறையாக இருக்கும்போது மற்ற வைரஸ்கள் அடங்கிக் கிடக்க, பிழை உள்ளது மட்டும் பெருகுகிறது. இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரு மாத்திரையும் தொடாதவரின் உடலில் அந்த எதிர்ப்பு வைரஸுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. தொடங்கி, இடையில் அறுபட்டு, மறுபடி தொடங்கியவரின் உடலில்தான் கிடைக்கிறது. அதாவது அந்த அரங்கம் யாரைப் பார்த்துச் சிரித்ததோ, அவர்கள் முயன்றவர்கள்.

மருத்துவருக்கு வரலாறு தெரியாமல் இருக்காது. 1987இல் அமெரிக்காவில் சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது, அதை ஒற்றை மருந்தாகத்தான் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1989இல், அதை எடுத்துக்கொண்டவர்களிடம் எதிர்ப்பு வைரஸ் இருப்பது ஆய்விதழில் வெளியானது. அவர்கள் வேளை தவறாமல் விழுங்கியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும், ஏனென்றால் ஒற்றை மருந்தால் அந்த வைரஸைக் கட்டிவைக்க முடியாது. 1996இல் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பிறகு, பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு வேளையும் பிறந்த குழந்தைக்கு ஒரு வேளையும் நெவிரபின் என்ற மருந்தைக் கொடுத்து, குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் முறை வந்தது. அது எத்தனையோ குழந்தைகளைத் தொற்றிலிருந்து காத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதையும் மீறித் தொற்று வந்த குழந்தைகளில் பலரிடம் நெவிரபினுக்கு அடங்காத வைரஸ் காணப்பட்டது. அந்தக் குழந்தை எந்த வேளை மாத்திரையைத் தவறவிட்டது என்று மருத்துவர் அடுத்த மேடையில் விளக்கினால், நானும் வந்து கைதட்டுகிறேன்.

என் கதையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். முன்பு நான் சிடோவுடின், லாமிவுடின், எஃபாவிரன்ஸ் என்ற மூன்று மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்கும். உடன் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி, குலுங்கும் சத்தம் கேட்காதபடி மேலே பஞ்சு அடைத்து வைத்திருப்பேன். எஃபாவிரன்ஸ் போட்ட இரவுகளில் பக்கவிளைவாக வரும் கனவுகளைப் பற்றி அதைப் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் சிகிச்சை மையத்தில் மருந்து தீர்ந்துவிட்டது. மருந்தாளுநர் என் அட்டையில் "இருப்பு இல்லை, 11 நாள் கழித்து வரவும்" என்று எழுதியே கொடுத்தார். மாத்திரை நின்ற பிறகும் முதல் சில இரவுகளில் அந்தக் கனவுகள் விடவில்லை. அதன் பொருள் எனக்குப் பின்னால்தான் புரிந்தது: மற்ற இரண்டும் சீக்கிரம் வெளியேறிவிட, எஃபாவிரன்ஸ் மட்டும் நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருந்திருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தியவன், தன்னை அறியாமல் ஒற்றை மருந்துச் சிகிச்சையில் இருந்திருக்கிறேன்.

சில மாதங்களில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, ஏறியது. எதிர்ப்புப் பரிசோதனையில், வைரஸின் அந்த எழுதும் நொதியில் 103ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அஸ்பாரஜின், 184ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வாலின் என்று வந்தது. முதலாவது மாற்றம் எஃபாவிரன்ஸையும், இரண்டாவது லாமிவுடினையும் முடக்கக்கூடியவை. என் கோப்பில் மையத்தின் மருத்துவர் எழுதிய குறிப்போ ஒரே வரிதான்: "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை."

"அப்படியானால் மாத்திரையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். இல்லை. ஒரு வேளையும் தவறவிடாதீர்கள் என்று உங்கள் எல்லோரையும்விட உரக்கச் சொல்பவன் நான். இடைவெளி விழக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடைவெளி விழுந்தால் அதை உண்டாக்கியது யார் என்று கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மருந்து இருப்பு தீர்ந்துபோவதையும் எதிர்ப்புக்கான முன்னெச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனமே வைத்திருக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தையும் எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளிக்கு, டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை இரு வேளையாகத் தர வேண்டும்; இல்லாவிட்டால் அது உடலில் போதிய அளவில் நிற்காது. அதைத் தர மறந்தது நோயாளியா? இரும்புச்சத்து மாத்திரையை டொலுடெக்ராவிரோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது என்று யாரும் சொல்லாமல் விட்டால், அதுவும் நோயாளியின் ஒழுங்கீனமா?

"டொலுடெக்ராவிர் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நானும் இப்போது அதில்தான் இருக்கிறேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. நல்ல மருந்து, எதிர்ப்புக்கு எளிதில் இடம் கொடுக்காதது. ஆனாலும் 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், அதை எடுத்தும் வைரஸ் அடங்காதவர்களிடம் நடத்திய சில ஆய்வுகளில் அதற்கான எதிர்ப்பு 3.9 முதல் 8.6 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. குடித்துவிட்டு மாத்திரையை மறப்பவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டியது மருந்துதான், கைதட்டல் அல்ல.

என் கோப்பில் எழுதிய அந்த ஒரு வரி என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆலோசகரிடம் நான் உண்மை பேசவில்லை. வாந்தி எடுத்த நாளையும், பயணத்தில் டப்பாவை மறந்த நாளையும் மறைத்தேன். "ஒரு வேளையாவது விட்டீர்களா?" என்று அவர் கேட்பார், "இல்லை" என்பேன், அவர் குறித்துக்கொள்வார். விசாரணைக் கூண்டில் நிற்பவன் தன் குற்றத்தைத் தானே எண்ணிக் கொடுப்பானா? காணொளியைப் பார்த்து எனக்குத் தனிச்செய்தி அனுப்பிய இளைஞர் ஒருவர், அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது தவறிய இரண்டு நாட்களைச் சொல்லப் போவதில்லை என்கிறார். சொல்லிவிடுங்கள் என்று அவருக்கு எழுதினேன். எழுதும்போது எனக்கே என் மீது நம்பிக்கை இல்லை.

போன மாதம் மையத்தில் என் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பழைய அட்டையையும் அதில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட முடியுமா என்று கேட்டதற்கு, கோப்பில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி என்றார்கள். ஆகவே "இருப்பு இல்லை, 11 நாள் கழித்து வரவும்" என்பதும் "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்பதும் எதிரெதிர்ப் பக்கங்களில் இன்னமும் அப்படியே இருக்கின்றன.