டியூ முடிந்த வண்டிதான் தப்பிக்கும்

மந்தமான நேரத்தில் லாரி விலை குறையும், அப்போது வாங்கிப் போட்டால் பின்னால் லாபம் என்கிறது லாரித் தொழில் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, கையில் ரொக்கம் இருப்பவருக்கு அது பொருந்தும். நாமக்கல் பக்கம் என்னைப் போல ரெண்டு மூணு வண்டி வைத்து ஓட்டுபவர்கள் கதை வேறு. 2018 ஜூலையில் மத்திய அரசு பார வரம்பை உயர்த்தி, பத்து சக்கர வண்டிக்கு சரக்கோடு சேர்த்த மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனபோது நல்லதுதானே என்று நினைத்தோம், ஆனால் அதே சரக்குக்குக் குறைவான வண்டி போதும் என்றாகி, 2019 மந்தமும் சேர்ந்துகொள்ள, வாடகை படுத்துவிட்டது. அப்போதுதான் மூன்றில் ஒன்றை மனசில்லாமல் விற்று மற்ற இரண்டின் கடன் டியூவை முழுசாக அடைத்தேன். மறு வருஷம் ஊரடங்கில் வேப்பமரத்தடியில் வண்டிகள் நின்றபோது எனக்கு பேட்டரி இறங்கியதோடு சரி. தவணையைத் தள்ளிவைத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆறு மாச வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

கேஸ் டேங்கர் வைத்திருப்பவர்கள் தனி, அவர்களுக்கு கேஸ் கம்பெனிகளின் டெண்டர் இருக்கிறது, ஜனங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் நிற்பதில்லை. நாங்கள் முன்னால் புது டயர், பின்னால் ரீட்ரெடிங் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டியது) என்று ஓட்டுகிறவர்கள். அப்புறம் ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கு! டீசலுக்குக்கூடக் கட்டாத வாடகைக்கு ஒருவர் ஏற்றிவிட்டால், அடுத்த நாள் புக்கிங் ஆபீஸில் எல்லோருக்கும் அதே ரேட்டுதான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே?