பறிபோகும் பாடவேளை

இன்றும் என் உடற்கல்விப் பாடவேளை பறிபோனது. சுண்ணாம்புத் தூளால் ஓடுதளக் கோடுகளைப் போட்டு முடித்து, கையில் ஒட்டிய வெள்ளையைக்கூடத் துடைக்காமல் விசிலை எடுத்தபோது, தேர்வு நெருங்குவதால் இந்த ஒரு வகுப்பைக் கணக்குப் பாடத்திற்கு விட்டுத்தர வேண்டும் என்ற செய்தியுடன் ஒரு மாணவன் வந்து நின்றான். சொல்லும்போதே அவன் முகம் வாடியிருந்தது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உடற்கல்வி அனைவருக்குமான அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே அறிவித்துவிட்டது. அதைக் கற்பிக்கும் எங்களுக்கோ, வரிசையை ஒழுங்குபடுத்துவதும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும், விழாவுக்கு நாற்காலி போடவைப்பதும்தான் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள்.

வெயிலோ உடல் அலுப்போ என் மனநிறைவைக் குலைப்பதில்லை. உயரம் தாண்டப் பயந்து, ஓடிவந்து ஓடிவந்து கம்பத்தின் முன் நின்றுவிடும் ஒரு சிறுமி, மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு தாண்டி விழுந்த மெத்தையிலிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த ஒரு பார்வை எனக்கு மாதக்கணக்கில் போதும். அத்தகைய நிறைவு பிறக்கும் நேரத்தையே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. கோப்பை வரும் நாளில் மட்டும் புகைப்படத்திற்கு அழைக்கிறார்கள்.

நாளையும் கோடு போடுவேன். அந்த 40 நிமிடங்களை மட்டும் யாரும் கேட்டு வர வேண்டாம்.