சப்போர்ட் டீமுக்கு ஸ்பிரிண்ட் எதற்கு?

கொழும்பில் எந்த சாப்ட்வேர் கம்பனியைக் கேட்டாலும் "நாங்கள் அஜைல்" என்பார்கள், அதாவது சிறிது சிறிதாகச் செய்து, மாறும் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டு போகிறவர்களாம். உள்ளே பார்த்தால் விலை, முடிவுத் திகதி, செய்ய வேண்டியவை எல்லாம் ஒப்பந்தத்திலேயே பூட்டியிருக்கும். அதை இரண்டு கிழமைத் துண்டுகளாக வெட்டினாலும் அது வாட்டர்ஃபோல்தான், எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டம் கட்டமாக முடிக்கிற பழைய முறை. தேவை மாறாத இடத்தில், உதாரணமாகப் பழைய டேட்டாபேஸைப் புதியதுக்கு மாற்றும்போது, அப்படிச் செய்வதில் பிழையுமில்லை.

என் சண்டை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைப் பராமரிக்கிற டீமை ஸ்க்ரமுக்குள் தள்ளாதீர்கள். ஸ்க்ரம் என்பது 'ஸ்பிரிண்ட்' எனும் நிலையான காலத் துண்டுகளுக்கு முன்கூட்டியே திட்டம் போட்டு வேலை செய்யும் அஜைல் முறை. புதிய புரொடக்டுக்கு, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஆள் பக்கத்தில் இருந்தால், ஸ்க்ரம் நல்லது. பராமரிப்புக்கு அது ஒத்துவராது.

இரண்டு கிழமை ஸ்பிரிண்ட் ஒன்றின் கணக்குப் பாருங்கள். ஆறு டெவலப்பர், பத்து வேலைநாள்: 60 ஆள்நாள். வெசாக் இரண்டு நாளும் கிழமை நாட்களில் விழுந்தால் 12 போச்சு. லண்டன் க்ளையன்டின் கலண்டரில் போயா (பௌர்ணமி) விடுமுறையே இல்லை. மிச்சத்துக்குத் திட்டம் போட்டு முடிக்க, புதன்கிழமை பேமென்ட் பிழை ஒன்று வரும். இரண்டு பேர் அதில் இறங்குவார்கள். பாதியில் நின்ற டிக்கெட்டுகள் (பதிவான வேலைகள்) அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தாவும், வெலோசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடித்த வேலைகளின் மொத்தப் பொயின்ட்) விழும், மனேஜர் ஏன் என்பார். பொயின்ட் என்பது வேலையின் பருமனுக்கு டீமே போடும் மதிப்பீடு, ஆகவே அடுத்தமுறை 3 பொயின்ட் வேலைக்கு 5 போடுவார்கள். எண் ஏறும், வேலை ஏறாது.

இந்த டீமுக்குக் கான்பன் போதும்: டிக்கெட்டுகளைப் போர்டில் கொலம் கொலமாக நகர்த்தி, ஒவ்வொரு கொலத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்று எல்லை வைக்கும் முறை. ஆறு பேருக்கு 'செய்கிறோம்' கொலத்தில் 4 டிக்கெட், கோட் ரிவியூவில் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்ப்பது) 2, டெஸ்டிங்கில் 2 என்று தொடங்கலாம். ரிவியூ நிரம்பினால் புது டிக்கெட் தொடக்கூடாது, போய் ரிவியூ செய்யவேண்டும். சீனியர்மாருக்குத்தான் இது கசக்கும்.

எல்லை வைப்பதன் லாபத்தை லிட்டில் விதி சொல்லும்: கையில் உள்ள வேலையை, நாளுக்கு முடியும் வேலையால் வகுத்தால், ஒன்றுக்கு எடுக்கும் சராசரி நாள் வரும். கையில் 12 டிக்கெட், நாளுக்கு 3 முடிகிறது என்றால் ஒன்றுக்குச் சராசரி 4 நாள். முடியும் வேகம் குறையாமல் 12ஐ 6 ஆக்கினால் 2 நாள். ஆள் கூட்டத் தேவையில்லை.

பெரும்பாலும் கெடுவது ஒரு இடத்தில்தான். 'க்ளையன்ட் பதிலுக்காக' என்று தனிக் கொலம் திறந்து, அதற்கு எல்லையே வைக்காமல் விடுவார்கள். எல்லாம் அங்கே போய்க் குவியும், மற்றக் கொலங்கள் அழகாகத் தெரியும். காத்திருக்கும் டிக்கெட்டையும் எல்லைக்குள் எண்ணுங்கள். அப்போதுதான் யாராவது லண்டனுக்குப் போன் எடுப்பார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30, ஆகவே கேள்விகளைப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

அவசர வேலைக்குப் போர்டில் ஒரே ஒரு இடம். இரண்டாவது 'அவசரம்' வந்தால் எதை நிறுத்துவது என்று க்ளையன்டே சொல்லட்டும்.