பவுல் கூடாரம் செய்தது பாதிக் கதைதான்

"பவுல் கூடாரம் செய்து சாப்பிட்டார், யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அதனால் ஊழியருக்குக் கொடுப்பது வேதத்துக்கு விரோதம்" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். ஊழியர் என்றால் சபையை நடத்திப் பிரசங்கிக்கிறவர். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் கூடாரம் செய்தது சரிதான். ஒரு காசும் வாங்கவில்லை என்பதுதான் தவறு.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஐத் திறந்து பாருங்கள். கிரேக்க நகரமான கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கி அந்தத் தொழிலைச் செய்தார். அப்புறம் உடன் ஊழியர்களான சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்ததும் முழு மூச்சாகப் பிரசங்கத்தில் இறங்கிவிட்டார். என்ன மாறியது? கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், 2 கொரிந்தியர் 11-ல், அவரே சொல்கிறார்: மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் என் குறைவை நிறைவாக்கினார்கள். மற்ற சபைகளைக் 'கொள்ளையிட்டேன்' என்றுகூட எழுதுகிறார், பாதிக் கிண்டலாக. மக்கெதோனியாவில் இருந்த பிலிப்பி சபை, அவர் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒன்றிரண்டு தடவை அனுப்பியது. அவர் காவலில் இருந்தபோது அந்தச் சபையின் எப்பாப்பிரோதீத்து உதவியைச் சுமந்துகொண்டு வந்து, வியாதியில் சாகும் நிலைக்கே போய்விட்டார்.

1 கொரிந்தியர் 9 முழுக்க இதே வழக்குதான். களத்தில் கதிரைப் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற மோசேயின் சட்டத்தைக் காட்டி, சுவிசேஷம் சொல்கிறவனுக்கு அதிலேயே பிழைப்பு உண்டு என்கிறார். கொரிந்தியரிடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாதது, சுவிசேஷத்துக்குத் தடை வரக்கூடாது என்று அவராக விட்டுக்கொடுத்தது.

கார் வாங்க மைக்கில் பணம் கேட்கிறவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. அதற்காகக் கிராமத்துச் சபை ஊழியர் வீட்டு அரிசிப்பானையில் கை வைக்காதீர்கள்.