டொராண்டோவில் மாதம் 850 டாலர் போதாது

“மாணவர் விசாவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும், மாதம் 850-க்குள் டொராண்டோவில் ஓட்டிவிடலாம்” என்பது பழைய கணக்கு. தயவுசெய்து இதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய அந்தத் தொகையை 2024 ஜனவரியிலேயே கனடா அரசு 20,635 கனடா டாலர் ஆக்கியது. 2025 செப்டம்பர் முதல் 22,895. மாதத்துக்கு ஏறக்குறைய 1,900. கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இதில் சேராது. இதுவும் கியூபெக் மாகாணம் தவிர நாடு முழுமைக்கும் ஒரே தொகைதான், டொராண்டோ வாடகையைப் பார்த்துப் போட்டதல்ல.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் அறையைப் பகிர்ந்துகொண்டால் வாடகை குறையும், சரி. ஆனால் குடியேறும்போதே முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அது சட்டப்படி செல்லும். அப்புறம் டிடிசி (நகரப் பேருந்து, மெட்ரோ) மாத பாஸ், 2025-இல் பெரியவர்களுக்கு 156 டாலர். கடன் வாங்கி அனுப்பும் பெற்றோரிடம் 850 என்று சொல்லிவிடாதீர்கள்.