கடற்பாலத்துக்கு அப்பால் ஓர் இரவு: பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு இரவுக் கொண்டாட்டத்துக்குக் கிளம்பும் இளையர்களிடம் வீட்டிலுள்ளவர்கள் இப்போதெல்லாம் சொல்லியனுப்பும் அறிவுரை, "ரொக்கம் எடுத்துப் போகாதே, அட்டையும் கைப்பேசியும் போதும்" என்பதாகவே இருக்கிறது. பகல் நேரத்தில் சிட்டி ஸ்குவேர் பேரங்காடியில் துணி வாங்கப் போகிறவருக்கு அது சரியான அறிவுரைதான். மதுக்கூடங்கள் நிறைந்த மவுண்ட் ஆஸ்டின் பக்கம் நள்ளிரவு தாண்டியும் அமர்ந்திருக்கப்போகும் ஒருவருக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. ரொக்கம் தொலைந்தால் பையில் இருந்த தொகையோடு இழப்பு முடிந்துவிடுகிறது. அட்டையோ, பூட்டப்படாத கைப்பேசியோ பிறர் கைக்குப் போனால் இழப்பு எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே, அந்த இரவுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைப் பகலிலேயே தெளிந்த தலையோடு முடிவு செய்து, அதை ரிங்கிட் நோட்டுகளாக எடுத்துக்கொண்டு, வங்கிக் கணக்கின் மற்ற கதவுகளை முடிந்தவரை சாத்திவிட்டுக் கிளம்புவதே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன்.

முதலில் அளவு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைப்பதால், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டியவுடன் பலருக்கும் கணக்கு மறந்துவிடுகிறது. எந்த விலையைப் பார்த்தாலும் மூன்றால் வகுத்து "இவ்வளவுதானா" என்று தோன்றும் மனநிலைதான் அந்த ஊரில் இரவுச் செலவைப் பெருக்குகிறதே தவிர, அங்குள்ள விலைகள் அல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்கள் இதைத் தெரிந்துதான் சொல்லியிருக்க வேண்டும். உணவு, நுழைவுக் கட்டணம், மேசைக்கான பங்கு, உள்ளூர்ப் பயணம், பின்னிரவில் இந்திய முஸ்லிம்களின் 'மாமாக்' உணவுக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் என்று எல்லாவற்றையும் ரிங்கிட்டிலேயே கூட்டிப் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். வெள்ளியில் கணக்குப் போடுகிறவர் எப்போதும் கூடுதலாகவே எடுத்துச் செல்கிறார்.

நாணயமாற்றை இங்கேயே முடித்துக்கொள்வது என் பழக்கம். சிராங்கூன் சாலையிலும் முஸ்தஃபா வட்டாரத்திலும் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேட் கட்டடத்திலும் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால், நாலு பலகையைப் பார்த்துவிட்டு மாற்றலாம். இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக இருப்பதால், "பாய், நூறு நோட்டு வேண்டாம், ஐம்பதும் பத்துமாகக் கொடுங்கள்" என்று நம் மொழியிலேயே கேட்க முடிகிறது என்பது சிறு வசதி. இந்தக் கேள்வி முக்கியமானது. கூட்ட நெரிசலான மதுக்கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில் நூறு ரிங்கிட் நோட்டை நீட்டிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணுவது சிரமம். அத்துடன், பையில் இன்னும் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். சிங்கப்பூரில் நாணயமாற்றுக் கடைகளுக்கு நாணய ஆணையத்தின் உரிமம் தேவை. மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் பணச் சேவை வணிகச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உரிமம் வழங்குகிறது. உரிமப் பலகை இல்லாத இடத்திலும், நடைபாதையில் அருகே வந்து "நல்ல விலை தருகிறேன்" என்று மெல்லிய குரலில் கேட்பவரிடமும் மாற்றக்கூடாது. கடைக்காரர் எண்ணிய பிறகு நாமும் முகப்பிலேயே எண்ணிப் பார்த்து, இரசீதை வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும்.

எடுத்துச் செல்லும் பணம் முழுவதும் ஒரே பணப்பையில் இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிப்பவர்கள் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். அதில் பயன் குறைவு. எந்தப் பணம் எதற்கு என்று பிரிக்க வேண்டும். இரவுச் செலவுக்கான தொகை முன்பையில், எளிதில் எடுக்கும்படி இருக்கலாம். வீடு திரும்புவதற்கான பணம் வேறோர் இடத்தில், உள்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டைக்குள் அணியும் மெல்லிய உறையிலோ, இரவு முழுவதும் தொடப்படாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பணத்தை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்தில் இருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் தெப்ராவ் இரயிலில் 5 ரிங்கிட்தான். ஐந்து நிமிடப் பயணம். அதே எண்ணத்தோடு போனவர், கடைசி இரயில் போனபின் பின்னிரவில் மதுக்கூட வாசலில் நிற்கும்போது, அந்த நேரத்தில் கிடைக்கும் வாகனத்துக்கு அந்த நேரத்தின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். இரு ஊர்களுக்கும் இடையிலான ஆர்டிஎஸ் இரயில் இணைப்பு வந்துவிட்டால் நெரிசல் குறையும் என்று நம்புகிறோம். ஆனால் எந்த இரயிலுக்கும் கடைசி வண்டி என்று ஒன்று உண்டு.

கடப்பிதழைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். பணமும் கடப்பிதழும் ஒரே உறையில் இருப்பது பெருந்தவறு. பணப்பை பறிபோனால் கடனாவது வாங்கித் திரும்பலாம். கடப்பிதழும் சேர்ந்து போனால் காவல் நிலையப் புகாரும், தூதரக அலுவலகமும், குடிநுழைவு அதிகாரிகளின் கேள்விகளும் என்று அந்த வார இறுதியே போய்விடும். காரில் செல்பவர்கள் எதையும் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகக்கூடாது. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட வண்டியின் கண்ணாடியை உடைத்தால் உள்ளே ஏதாவது இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே சிலருக்கு உண்டு, நாமே அதை வளர்த்தும் வந்திருக்கிறோம். தெருவோரமாக நடக்கும்போது பையை வாகனங்கள் செல்லும் பக்கத்தில் தொங்கவிடுவதும் மோட்டார்சைக்கிள் வழிப்பறிக்கு வழி காட்டுவதாகும்.

"பணம் தீர்ந்தால் இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. இதை நம்பிச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: மலேசியாவில் பல ஏடிஎம் இயந்திரங்கள் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை இயங்குவதில்லை. கொண்டாட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் இயந்திரங்கள் உறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. திறந்திருக்கும் ஒன்றிரண்டைத் தேடிக்கொண்டு, குடித்திருக்கும் நிலையில், அறிமுகமில்லாத தெருவில் இரவு இரண்டு மணிக்கு நடப்பதைவிட ஆபத்தான பணப் பரிவர்த்தனை வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் பணம் எடுப்பவர் பையில் பணம் இருக்கிறது என்பது தெருவில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். எடுத்தே தீரவேண்டுமென்றால் மாலையிலேயே, பேரங்காடிக்குள் அல்லது வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரத்தில், எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டில் பணம் எடுப்பதற்கான அனுமதியை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்துவைத்திருந்தால்தான் நம் அட்டைகளில் பெரும்பாலானவை அங்கே வேலை செய்யும். அதற்கு முடிவு நாள் குறிக்கும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால், திரும்பி வரும் நாளையே குறித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் திறந்துவைத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை, திருடனைத் தவிர.

அட்டையை நான் முற்றிலும் மறுக்கவில்லை. தங்கும் விடுதிக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும் ஓர் அட்டை வேண்டும், ஒன்றே ஒன்று. மலேசியாவில் 250 ரிங்கிட் வரையிலான கட்டணத்துக்கு இரகசிய எண் இல்லாமலேயே அட்டையைத் தட்டிச் செலுத்த முடியும் என்பதை நினைவில் வையுங்கள். கீழே விழுந்த அட்டையை எடுத்தவர், நாம் கவனித்து முடக்கும்வரை சிறுசிறு தொகையாகத் தட்டிக்கொண்டே போகலாம். கட்டண இயந்திரம் "சிங்கப்பூர் வெள்ளியா, ரிங்கிட்டா" என்று கேட்டால் ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அவர்கள் தரப்பு நிர்ணயிக்கும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது.

கடன்பற்று அட்டைக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். அட்டை தொலைந்ததை உடனே தெரிவித்து, நம் பக்கம் அலட்சியமும் இல்லையென்றால், பிறர் செய்த செலவுக்கு நம் பொறுப்பு 100 வெள்ளியோடு நிற்க வேண்டும் என்பது சிங்கப்பூர் வங்கிகளின் நடைமுறை விதி. ஆனால் இரவு விடுதிகளில் நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததல்ல. கேட்காத புட்டி மேசைக்கு வருகிறது. அழைக்காத ஒருவர் அமர்ந்து அருந்திய பானங்கள் நம் கணக்கில் ஏறுகின்றன. இறுதியில் நீளும் இரசீதைச் சரியாகப் படிக்காமல் நாமே கையெழுத்திடுகிறோம், அல்லது நாமே எண்ணை அழுத்துகிறோம். அதை எந்த வங்கியும் மோசடி என்று ஏற்காது, ஏனெனில் ஒப்புதல் கொடுத்தவர் நாம்தான். ரொக்கத்தில், சுற்றுக்குச் சுற்றுப் பணம் கொடுத்து வருபவரிடம் இந்தத் தந்திரம் செல்லாது. பையில் இருப்பது தீர்ந்தால் இரவு முடிந்தது என்பதே அங்கு நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாதுகாப்பு.

கைப்பேசியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கைப்பேசிதான் இப்போது பணப்பை, சாவி, கையெழுத்து எல்லாமே. சிங்கப்பூர் வங்கிகளில் பரிவர்த்தனையை உறுதிசெய்யும் மின்னிலக்க அடையாளக் குறி (டிஜிட்டல் டோக்கன்) அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறது. மோசடிகளைத் தடுக்க, புதிய கருவியில் அதை நிறுவினால் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் நள்ளிரவில் ஜோகூரில் கைப்பேசியைத் தொலைத்தவர், நண்பரின் கருவியில் நுழைந்து உடனே பணம் அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. கைப்பேசி ஒன்றையே நம்பிச் சென்றவரிடம் அந்த நேரத்தில் வண்டிக்குக் கொடுக்கக்கூடப் பணம் இருக்காது. மறுபக்கம், திறந்த நிலையில் கைப்பேசியைப் பறித்தவர் கையில் நம் சேமிப்பு முழுவதற்கும் வழி இருக்கலாம்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, இரண்டையும் கிளம்புமுன் செய்ய வேண்டும். சேமிப்பின் பெரும்பகுதியை இணையவழி எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி 2023 நவம்பரிலிருந்து நம் மூன்று பெரிய வங்கிகளிலும் உண்டு: டிபிஎஸ் டிஜிவால்ட், ஓசிபிசி மணி லாக், யுஓபி லாக்அவே. இணைய மோசடிகளுக்காக வந்த இந்த வசதியை இரவுப் பயணத்துக்கு யாரும் பரிந்துரைத்துக் கேட்டதில்லை. எனக்கு இதற்கே மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மற்றொன்று, கணக்கை நாமே உடனடியாக முடக்கும் அவசர வசதி. அதற்கான வங்கித் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவைத்து என்ன பயன்? ஒரு தாளில் எழுதி, திரும்பும் பணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கியூஆர் கட்டணத்தையும் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். மலேசியாவின் மின்கட்டண முறையான டூயிட்நவ்வின் குறியீட்டை நம் வங்கிச் செயலிகளால் 2023 முதல் ஸ்கேன் செய்ய முடிகிறது. சாப்பாட்டுக் கடைகளில் மிகவும் வசதி, மாலை எட்டு மணிக்கு நானும் பயன்படுத்துகிறேன். அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரின் பணம் அனுப்பும் சேவையான பேநவ்வுக்கும் டூயிட்நவ்வுக்கும் இடையிலான இணைப்பும் வந்ததால், தொலைபேசி எண்ணை வைத்தே எல்லைக்கு அப்பால் பணம் அனுப்பலாம். இதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: அங்கே நம்பகமான உறவினரோ நண்பரோ இருந்தால், சிங்கப்பூரில் வீட்டில் இருப்பவர் அவருக்குப் பணம் அனுப்ப, அவர் நம் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடலாம். நம் பக்கம் மாமா, சித்தப்பா என்று யாராவது ஸ்கூடாயிலோ மாசாயிலோ இருப்பது அபூர்வமல்ல. கொண்டாடப் போவதை அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் சங்கடம்.

நண்பர் திருமணத்துக்கு முன்பான கொண்டாட்டம் என்று கூட்டமாகச் செல்லும்போது எல்லோருடைய பங்கையும் ஒருவரிடமே கொடுத்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. குழுவில் மிகவும் உற்சாகமானவரே பொருளாளர் ஆவார். அவர்தான் முதலில் தள்ளாடுபவராகவும் இருப்பார். அன்றிரவு குடிக்காதவரிடம் கொடுங்கள், அல்லது இருவரிடம் பிரித்துக் கொடுங்கள். இந்த அளவுச் செலவில் அறிவிப்பு வரம்பைத் தொட வாய்ப்பில்லை என்றாலும் தெரிந்திருக்கட்டும்: 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றாலோ கொண்டுவந்தாலோ இங்கே அறிவிக்க வேண்டும், மலேசியாவில் அந்த வரம்பு 10,000 அமெரிக்க டாலருக்கு நிகரானது. அறிவிப்பதுதான் கடமை, எடுத்துச் செல்வது குற்றமல்ல, மறைப்பது குற்றம்.

அங்கே காவலர்களின் சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டால் பணப்பையை வெளியே எடுக்காதீர்கள். குற்றம் இருந்தால் சம்மன் எழுதித் தரச் சொல்லி, பிறகு முறையாகச் செலுத்தலாம். இருக்கையின் மேல் நோட்டுகளை நழுவவிட்டுத் தப்பிக்கலாம் என்று பெருமையாகச் சொல்லும் நம்மவர்கள்தான், அடுத்து வரும் சிங்கப்பூர் வண்டியையும் நிறுத்தவைக்கிறார்கள்.

மீந்த ரிங்கிட்டைத் திரும்ப வெள்ளியாக மாற்றாதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் மீண்டும் ஒருமுறை இழப்பீர்கள். ஓர் உறையில் போட்டு அடுத்த பயணத்துக்கு வைத்துவிடலாம். மறுநாள் காலை எழுந்ததும், தலைவலி இருந்தாலும், வெளிநாட்டுப் பயன்பாட்டு அனுமதியை மூடிவிட்டு, அட்டைக் கணக்கில் நமக்குத் தெரியாத சிறு தொகை ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து, பத்து ரிங்கிட்டாக முதலில் எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய தொகைக்குக் கை வைக்கும் திருடர்கள் உண்டு.