13 மணி நேர வேலையும் ஒரு வண்டுப் பெட்டியும்

தானாகப் படித்து முன்னுக்கு வந்தவர்களின் கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். வசதியில்லாத பையன், பகல் முழுக்க வேலை, ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பு, கடைசியில் புகழ். "அவனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். ஹென்றி வால்ட்டர் பேட்ஸின் இளமைக் காலம் இந்த அச்சில் வார்ப்பதற்கு ரொம்ப வசதியானது. எனக்கு அந்த அச்சில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேட்ஸ் அமேசான் காடுகளில் 11 வருடம் பூச்சி சேகரித்தவர். பறவைகளுக்குப் பிடிக்காத சுவையுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேறு இனப் பூச்சி வேஷம் போட்டுத் தப்பிக்கிறது என்று 1862இல் எழுதியவர். உயிரியல் பாடத்தில் இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நான் பேச வந்தது அதற்கு முந்திய பத்து வருடத்தைப் பற்றி. 1838 முதல் 1848 வரை, இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெரும்பாலும் லெஸ்டர் என்கிற ஊரில் அவர் ஒரு சாதாரணப் பையனாக இருந்த காலம்.

லெஸ்டரில் அப்போது சுமார் 50,000 பேர் இருந்தார்கள். ஊருக்கே காலுறைதான் சோறு போட்டது. வீட்டுக்குள்ளேயே பின்னல் தறி இருக்கும். தறி பெரும்பாலும் நெய்கிறவனுடையது இல்லை, முதலாளியுடையது. வாரா வாரம் தறி வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேலை பாதி வாரம்தான் கிடைத்தது என்றாலும் வாடகை முழுசாகப் போகும். நெய்து இறக்கியதைத் தைத்துச் சேர்ப்பது பெண்களும் குழந்தைகளும். இந்தத் தொழிலாளர்களின் நிலைமை அவ்வளவு மோசமாகிப் போய், 1844இல் அரசாங்கமே விசாரணை நடத்த வேண்டி வந்தது.

பேட்ஸ் அந்த அடித்தட்டில் பிறந்தவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அப்பாவுக்குச் சின்ன அளவில் காலுறை வியாபாரம். பையனை 13 வயது வரை பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க முடிந்தது. அதற்கு மேல் இல்லை. 1838இல் படிப்பை நிறுத்தி, அதே ஊரில் இன்னொரு காலுறை வியாபாரியிடம் தொழில் பழக விட்டார்கள்.

காலை 7 மணிக்குக் கிடங்கைத் திறந்து பெருக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. ராத்திரி 8 மணிக்குத்தான் விடுதலை. வாரத்தில் ஆறு நாள். கணக்குப் போட்டால் வாரத்துக்கு 78 மணி நேரம். இன்றைக்கு இங்கிலாந்தில் எல்லாருக்கும் இருக்கிற பொது விடுமுறைகள் அப்போது கிடையாது, அந்தச் சட்டம் வந்தது 1871இல். ஞாயிறு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, அவ்வளவுதான். அந்தப் புனித வெள்ளியிலும் பையன் வீட்டில் படுத்துக் கிடக்கவில்லை. தம்பி ஃபிரெடரிக்கைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே சார்ன்வுட் காட்டுப் பக்கம் நடந்துவிடுவார். பட்டையை உரித்து, கல்லைப் புரட்டி, ஈரக் கரையில் குனிந்து தேடி வண்டு பிடிப்பார்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்கு அப்போது பெரிய செலவில்லை. ஒரு குப்பி, குண்டூசி, பிடித்ததை வரிசையாகக் குத்தி வைக்க ஒரு பெட்டி. நசுக்கிய லாரல் இலையைக் குப்பிக்குள் போட்டால் அதிலிருந்து வரும் ஆவியிலேயே பூச்சி செத்துவிடும். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் நிறையப் பேர் செய்தது அதைத்தான். வேலியோரத்தில் வளர்கிற செடி, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சரி, 8 மணிக்கு மேல்? இங்கேதான் ஊக்கக் கதை சொல்கிறவர்கள் அவசர அவசரமாக "இரவு பகலாகப் படித்தார்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்கே படித்தார், யார் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. லெஸ்டரில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு, படிப்பகம், நூலகம், சொற்பொழிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ். சந்தா கட்டினால் போதும். 1850 வாக்கில் இங்கிலாந்தில் இதுபோல 600க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. 13 மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பையனுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லித்தர அந்த நேரத்தில் ஒரு ஆசிரியர் அங்கே காத்திருந்தார். அந்த ஆசிரியரையும் விளக்குச் செலவைக் கொடுத்தவரையும் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம் தபால். 1840இல்தான் நாடு முழுக்க ஒரே கட்டணமாக ஒரு பென்னி வந்தது. வேறு ஊரில் இருக்கிற பூச்சி ஆர்வலரோடு கடிதம் எழுதிப் பேசுவது ஒரு தொழில் பழகும் பையனுக்கும் கட்டுப்படியானது அதற்குப் பிறகுதான். 1843இல் 'ஸூவாலஜிஸ்ட்' என்ற இயற்கை ஆர்வலர்களுக்கான பத்திரிகை தொடங்கியது. ஈரமான இடங்களில் காணப்படும் வண்டுகள் பற்றி பேட்ஸ் எழுதிய குறிப்பு அந்த முதல் வருடமே அதில் வந்தது. வயது 18. பட்டம் கேட்கவில்லை, எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததை ஒழுங்காக எழுதியிருந்தார், போட்டார்கள். ஒரு வாலிபனை அறிவியலுக்குள் இழுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தார் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ். வயது 21. அவரும் 14 வயதில் படிப்பை விட்டவர். அண்ணனோடு ஊர் ஊராக நில அளவை செய்து, அந்த வேலை படுத்துப்போனதால் வாத்தியார் வேலைக்கு வந்தவர். செடிகொடிகளில்தான் அவருக்கு அப்போது நாட்டம். பேட்ஸ் தன் பெட்டிகளைத் திறந்து காட்டினார். ஒரு ஊரைச் சுற்றி மிஞ்சிப்போனால் ஐம்பது வகை வண்டு இருக்கும் என்று வாலஸ் நினைத்திருந்தார். பத்து மைலுக்குள் ஆயிரம் வகை இருக்கலாம் என்று பேட்ஸ் சொன்னதும் அசந்து போய்விட்டார். பிரிட்டனில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட வண்டினங்களை விவரிக்கிற தடித்த புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார் பேட்ஸ். வாலஸும் குப்பி, குண்டூசி சகிதம் கிளம்பிவிட்டார்.

லெஸ்டர் நூலகத்தில்தான் வாலஸ், மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் என்று வாதிட்ட மால்தூஸின் நூலைப் படித்தார். 1858இல், மலாய்த் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் படிப்பு நினைவுக்கு வந்துதான் இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்திய உயிர்களே பிழைத்துப் பெருகும் என்கிற எண்ணம் அவருக்கு உதித்தது. அதே எண்ணத்தைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த டார்வினுக்குக் கடிதம் போனது. மீதி எல்லாருக்கும் தெரியும். ஒரு ஊர் நூலகத்தின் அலமாரியில் சரியான புத்தகம் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடப் பளிச்சென்று யாரும் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பெயரில் மெக்கானிக்ஸ், அதாவது கைத்தொழிலாளிகள் என்று இருந்தாலும், நாடு முழுக்க அந்த வகுப்புகளை அதிகம் நிரப்பியவர்கள் குமாஸ்தாக்களும் கடை ஊழியர்களும்தான். தறி வாடகை கட்டியே நொடித்துப்போனவன் சந்தாவுக்கு எங்கே போவான்? தைத்துச் சேர்க்கிற வேலையில் கண் போய்க்கொண்டிருந்த பெண் பிள்ளைகளுக்கு 8 மணிக்கு அப்புறமும் வேலை இருந்தது. லெஸ்டரில் பேட்ஸைப் போல கூர்மையான கண் உள்ளவர்கள் எத்தனை பேர் அந்தத் தறிகளுக்குப் பின்னால் இருந்தார்களோ. அவர்களைப் பார்த்து "உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பது அநியாயம்.

அந்த 78 மணி நேரத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு நேரடியாகவே கோபம் உண்டு. அந்த உழைப்பு பேட்ஸை உருவாக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர் திடகாத்திரமான ஆளும் இல்லை. 1847இல் வந்த பத்து மணி நேரச் சட்டம்கூட நூல், துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும்தான். கிடங்குப் பையன்களை அது தொடவே இல்லை. கடைகளில் வேலை செய்யும் சின்ன வயதுக்காரர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரம்தான் என்று ஒரு வரம்பு வருவதற்கு 1886 ஆகிவிட்டது. பேட்ஸுக்கு அப்போது வயது 61.

1848 ஏப்ரலில் லிவர்பூலில் அமேசானுக்குக் கப்பல் ஏறினார்கள் பேட்ஸும் வாலஸும். பேட்ஸ் அதற்கு முன்பு பர்ட்டன் என்கிற ஊரில் ஒரு பீர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்தார், அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. அரசாங்கப் பணம் கிடையாது, அப்பா பணத்தில் உலகம் சுற்ற டார்வினைப் போல வசதியும் கிடையாது. பிடிக்கிற பூச்சிகளை லண்டனுக்கு அனுப்பி ஒரு முகவர் மூலம் விற்று, அந்தக் காசில் சாப்பிட வேண்டும். வாலஸ் நாலு வருடத்தில் திரும்பினார். பேட்ஸ் 1859 வரை அங்கேயே இருந்தார். 14,000க்கும் மேற்பட்ட வகை உயிரினங்களைச் சேகரித்தார், அதில் சுமார் 8,000 அறிவியலுக்கே புதியவை.

திரும்பி வந்தவருக்கு என்ன கிடைத்தது? லெஸ்டரில் அதே காலுறை வியாபாரம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அந்தப் பிரிவுக்கு ஆர்தர் ஓஷானசி என்ற இளம் கவிஞரை எடுத்துக்கொண்டார்கள். உழைப்பு ஒன்றே போதும் என்கிறவர்கள் இந்த ஐந்து வருடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். 1864இல் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி என்கிற புவியியல் சங்கத்தில் துணைச் செயலாளர் பதவி கிடைத்தபோதுதான் அவருக்கு நிலையான சம்பளம் என்று ஒன்று வந்தது. அப்போது அவருக்கு வயது 39, கல்யாணமாகிக் குடும்பமும் இருந்தது.